உங்களுக்குத் தெரியுமா? மெக்சிகோவில் குறைந்த செலவில் நிறைவான சாப்பாடு

வேலைக்கோ படிப்புக்கோ மெக்சிகோ போகிறவர்களுக்குப் பெட்டி கட்டும்போதே வரும் கவலை சாப்பாடுதான். குவாடலஹாரா, கெரெத்தாரோ, மொன்டெர்ரேய், மெக்சிகோ சிட்டி என்று மென்பொருள் வேலைக்கும் தொழிற்சாலை வேலைக்கும் போய்ச் சேரும் இந்தியர்கள் உண்டு. அவர்களுக்கு நல்ல சேதி ஒன்று: அந்த நாட்டில் மலிவான சாப்பாடும் நல்ல சாப்பாடும் பெரும்பாலும் ஒரே கடையில்தான் கிடைக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் எந்த வேளையில், எந்தக் கடையில், எதை வாங்குகிறார் என்று கவனித்தால் பாதிச் செலவு குறைந்துவிடும். அதற்கு உதவும் தகவல்கள் இதோ.

பணமும் விலையும்

◆ மெக்சிகோக் கடைகளில் விலைப்பலகை முழுக்க டாலர் குறி இருக்கும். பதற வேண்டாம், பெசோவுக்கும் அதே குறிதான். ஒரு பெசோ ஏறக்குறைய 5 ரூபாய். முதல் மாதம் எதைப் பார்த்தாலும் ரூபாயில் பெருக்கத் தோன்றும். சம்பளம் பெசோவில் வரத் தொடங்கியதும் பெசோவிலேயே கணக்குப் போடப் பழகுங்கள். எது நியாய விலை, எது அநியாய விலை என்பது அப்போதுதான் பிடிபடும்.

◆ மெக்சிகோவில் மதிப்புக் கூட்டு வரி 16 சதவீதம். ஆனால் காய்கறி, பழம், அரிசி, பயறு, பால், முட்டை, டோர்டியா என்னும் மக்காச்சோள ரொட்டி போன்ற அடிப்படை உணவுப் பொருள்களுக்கு வரி பூஜ்ஜியம். ஓட்டலில் சாப்பிட்டால் 16 சதவீதம் உண்டு. விலைப்பட்டியலில் போட்டிருக்கும் தொகையிலேயே அது அடக்கம். வீட்டில் சமைப்பவருக்கு அரசே தரும் சலுகை இது.

◆ விலைவாசியைப் பிடித்து நிறுத்த 2022 மே மாதம் அரசும் பெரிய கடைகளும் உற்பத்தியாளர்களும் சேர்ந்து ஓர் உடன்பாடு செய்தார்கள். அரிசி, பயறு, எண்ணெய், முட்டை உள்ளிட்ட 24 அடிப்படைப் பொருள்கள் அடங்கிய கூடைக்கு ஓர் உச்ச விலை வைத்தார்கள். 2024 நவம்பரில் அதைப் புதுப்பித்தபோது அந்த விலை 910 பெசோ. புது ஊரில் மளிகைச் செலவை மதிப்பிட இந்த எண் நல்ல அளவுகோல்.

◆ எந்தக் கடையில் எது மலிவு என்று அரசு அமைப்பே ஒப்பிட்டுச் சொல்கிறது. 1976 முதல் இயங்கும் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ப்ரொஃபெகோ, பல நகரங்களின் கடைகளில் விலையைத் திரட்டி இணையத்தில் வெளியிடுகிறது. ஒரே எண்ணெய்ப் புட்டி இரண்டு தெரு தள்ளி என்ன விலைக்குப் போகிறது என்பதை வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

◆ சந்தையிலும் தெருக்கடையிலும் ரொக்கம்தான் ராஜா. 500 பெசோ நோட்டை நீட்டினால் கடைக்காரர் சில்லறைக்கு அக்கம்பக்கத்துக் கடைகளில் அலைய வேண்டிவரும். பெரிய நோட்டைப் பேரங்காடியில் மாற்றிக்கொண்டு, 10 பெசோ, 5 பெசோ நாணயங்களைத் தனிப் பையில் வைத்துக்கொள்வது அங்கே குடியிருப்பவர்களின் வழக்கம்.

வேளைக்கு ஏற்ற சாப்பாடு

◆ மெக்சிகோவில் நாளின் பெரிய சாப்பாடு பிற்பகல் 2 மணிக்கும் 4 மணிக்கும் நடுவில். இரவில் ஒரு கப் காப்பியும் ரொட்டியும், அல்லது டோர்டியாவில் கறியோ காயோ வைத்து மடித்த டாக்கோ இரண்டு, அதோடு சரி. இரவு 8 மணிக்கு முழுச் சாப்பாடு தேடுகிறவர் சுற்றுலாப் பயணிகளுக்கான ஓட்டலில் போய்த்தான் நிற்க வேண்டும். பெரிய சாப்பாட்டைப் பிற்பகலுக்கு மாற்றிக்கொள்வதுதான் செலவைக் குறைக்க முதல் வழி.

◆ அந்தப் பிற்பகல் சாப்பாட்டுக்கு ஒரு முறை உண்டு. பெயர் ‘கொமிதா கொரிதா’. முதலில் ஒரு கிண்ணம் சூப். அடுத்து அரிசிச் சோறு அல்லது பாஸ்தா. மூன்றாவதாக அன்றைய குழம்போ வறுவலோ. கூடவே கூடையில் சூடான டோர்டியா, ஒரு குவளை பழச்சாறு, சில இடங்களில் கடைசியில் ஒரு கிண்ணம் இனிப்பு. மெக்சிகோ சிட்டியில் சாதாரணக் கடைகளில் இதற்கு 80 முதல் 130 பெசோ வரை ஆகும். ‘ஃபோன்டா’ என்றோ ‘கொசினா எகொனோமிகா’ என்றோ பலகை தொங்கும் சின்னக் கடைகளில் கிடைக்கும். வாசலில் கரும்பலகையில் அன்றைய பட்டியலை எழுதி வைத்திருப்பார்கள். 2 மணிக்கு முன்னால் போனால் எல்லா வகையும் இருக்கும். 4 மணிக்குப் போனால் மிஞ்சியதுதான்.

◆ ஃபோன்டாவில் மேசை நிறைந்திருந்தால் முன்பின் தெரியாதவரோடு ஒரே மேசையில் உட்கார்வது சாதாரணம். எழுந்து போகும்போது, சாப்பிட்டுக்கொண்டிருப்பவரைப் பார்த்து ‘ப்ரொவேச்சோ’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நன்றாகச் சாப்பிடுங்கள் என்கிற வாழ்த்து. இந்த ஒரு சொல்லைப் பழகிக்கொண்டால் நான்காவது நாளே கடைக்கார அம்மாவுக்கு உங்கள் முகம் நினைவிருக்கும்.

◆ காலையில் அலுவலகம் போகும் கூட்டத்துக்கு மெட்ரோ வாசலில் தமாலும் அதோலேயும் தயாராக இருக்கும். தமால் என்பது மக்காச்சோள மாவை மட்டையில் பொதிந்து ஆவியில் அவித்தது. அதோலே, மாவு கரைத்துக் காய்ச்சிய சூடான கஞ்சி. மெக்சிகோ சிட்டிக்காரர்கள் தமாலை அப்படியே ரொட்டிக்குள் வைத்து வாங்கிக்கொள்வார்கள். அதைச் சாப்பிட்டால் மதியம் வரை பசிக்காது.

◆ சைக்கிளின் பின்னால் பெரிய கூடை, அதைச் சுற்றி நீலப் பிளாஸ்டிக் தாள், மேலே கனத்த துணி. உள்ளே அடுக்கடுக்காக டாக்கோ, தன் ஆவியிலேயே மெத்தென்று வெந்திருக்கும். மெக்சிகோ சிட்டித் தெருக்களில் கிடைக்கும் மலிவான டாக்கோ இதுதான். உருளைக்கிழங்கும் மசித்த பயறும் இறைச்சியும் வைத்த வகைகள் இருக்கும். த்லாஷ்கலா மாநிலத்தின் சான் விசென்தே ஷிலோஷோசித்லா என்ற ஊர் இந்தத் தொழிலுக்குப் பேர்போனது.

◆ செங்குத்துக் கம்பியில் சுழன்று வேகும் ‘அல் பாஸ்தோர்’ டாக்கோ, லெபனானிலிருந்து குடியேறியவர்களின் ஷவர்மாவிலிருந்து பிறந்தது. பிழைக்க வந்தவர்கள் கொண்டுவந்த சமையலை மெக்சிகோ தன்னுடையதாகவே ஆக்கிக்கொண்டது. டாக்கோ கடையில் சல்சா என்னும் மிளகாய்ச் சட்னி, எலுமிச்சைத் துண்டு, நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி எல்லாம் அநேகமாக இலவசம்.

◆ எந்தத் தெருக்கடையை நம்பலாம்? மூன்று அடையாளங்கள் உண்டு. உள்ளூர்க் குடும்பங்கள் வரிசையில் நிற்க வேண்டும். பரிமாறுகிற கை காசைத் தொடக்கூடாது. உணவு உங்கள் கண் முன்னால் சூட்டில் இருந்து எடுக்கப்பட வேண்டும். பல கடைகளில் தட்டுக்கு மெல்லிய பிளாஸ்டிக் பை மாட்டி, ஆளுக்கு ஆள் பையை மாற்றுவார்கள். தண்ணீர் வசதி குறைவான நடைபாதையில் தட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் வழி அது.

மக்காச்சோளமே சோறு

◆ காட்டுப் புல் ஒன்றைப் பழக்கி மக்காச்சோளமாக்கியது சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் தெற்கு மெக்சிகோவில். அந்த நாட்டுக்கே உரிய மக்காச்சோள இனங்கள் 59 இன்றும் பயிராகின்றன. மக்காச்சோளத்தையும் பயறையும் மிளகாயையும் அடிப்படையாகக் கொண்ட மரபுச் சமையலை 2010இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக அறிவித்தது.

◆ மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, கழுவி, அரைப்பது நிக்ஸ்தமால் முறை. இப்படிச் செய்தால் தானியத்தில் அடைபட்டிருக்கும் நியாசின் என்ற பி வைட்டமின் உடலில் சேரும், கால்சியமும் கூடும். இந்த முறையை விட்டுவிட்டு மக்காச்சோளத்தை மட்டும் கொண்டுபோன ஐரோப்பிய, அமெரிக்க ஏழைகளை பெலாக்ரா நோய் வாட்டியது. சுண்ணாம்பு நீரில் வேகவைத்துத் தின்ற மெக்சிகோக்காரர்கள் தப்பினார்கள்.

◆ டோர்டியாவைப் பேரங்காடியில் பொட்டலமாக வாங்காதீர்கள். தெருவுக்குத் தெரு டோர்டியா கடை இருக்கும். அங்கே கிலோ கணக்கில் நிறுத்து, சூடு ஆறாமல் தாளில் சுற்றித் தருவார்கள். விலை பெரும்பாலும் கிலோ 20 முதல் 30 பெசோ. உள்ளூர்க்காரர்கள் வீட்டிலிருந்து ஒரு துணி கொண்டுவருவார்கள். துணியில் சுற்றினால் வேர்க்காமல் மென்மையாக இருக்கும். நிக்ஸ்தமால் மாவில் செய்ததா, பாக்கெட் மாவில் செய்ததா என்று கேட்டு வாங்குங்கள். மணத்திலேயே வித்தியாசம் தெரியும்.

◆ மக்காச்சோளத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பயறில் அது நிறைய. பயறில் குறைவானது மக்காச்சோளத்தில் இருக்கிறது. டோர்டியாவும் ‘ஃப்ரிஹோல்’ என்னும் ராஜ்மா இனத்துப் பயறும் ஒரே தட்டில் சேர்ந்தால் நல்ல புரதம் கிடைக்கிறது. தெற்கே கறுப்புப் பயறு, வடக்கே வெளிர்நிறப் பயறு என்று ஊருக்கு ஊர் ருசி மாறும். இறைச்சிக்குச் செலவழிக்க முடியாத நாளிலும் ஒரு குடும்பத்தை நிமிர்ந்து நிற்கவைத்த சாப்பாடு இது.

◆ சந்தை மூலையில் த்லாகோயோ சுடும் அம்மாவைப் பார்த்தால் நின்றுவிடுங்கள். நீலநிற மாவில் ஓர் உருண்டை எடுத்து, கட்டைவிரலால் குழி செய்து, மசித்த பயறை வைத்து மூடுவார். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் தட்டித்தட்டி, நடு அகன்று இரு முனையும் கூராக வருமாறு நீட்டி, எண்ணெய் இல்லாமல் கல்லில் போடுவார். ஓரம் கருகத் தொடங்கியதும் எடுத்து, மேலே கள்ளித்துண்டு சாலட், வெங்காயம், துருவிய பாலாடைக்கட்டி, சல்சா. இறைச்சி இல்லை, விலை குறைவு, இரண்டு சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும்.

◆ மெக்சிகோ சிட்டியில், டோர்டியாவை மடித்துச் சுடும் கேசதியா கேட்டால் பாலாடைக்கட்டி தானாக வராது. ‘கோன் கேசோ’, அதாவது பாலாடைக்கட்டியோடு என்று சொன்னால்தான் வரும். மற்ற மாநிலங்களில் சொல்லாமலே வைத்துத் தருவார்கள். பூசணிப்பூ, காளான், மக்காச்சோளக் கதிரில் வளரும் கரும்பூஞ்சை ஆகியவை வைத்த கேசதியாக்கள் மழைக்காலத்தில் மிகச் சிறப்பாக இருக்கும்.

◆ வட மாநிலங்களில் டோர்டியா கோதுமை மாவில் செய்யப்படுகிறது. சோனோரா அதற்குப் புகழ்பெற்றது. அந்த மாநிலத்து வயல்களில் வேளாண் விஞ்ஞானி நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டைக் கோதுமையைத்தான் 1966இல் இந்தியா 18,000 டன் விதையாக இறக்குமதி செய்தது. அந்த முயற்சியில் முன்னின்றவர் கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன்.

சந்தைக்குப் போவோம்

◆ வாரத்தில் ஒரு நாள், ஒரே தெருவில், விடிவதற்குள் முளைத்து மாலைக்குள் மறையும் சந்தைக்கு ‘தியாங்கிஸ்’ என்று பெயர். மெக்சிகோ சிட்டியில் இளஞ்சிவப்புத் தார்ப்பாய்களை வைத்துத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். காய், பழம், மீன், பயறு, பாத்திரம், சுடச்சுடச் சாப்பாடு எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும். இதைத் தவிர, நிரந்தரக் கட்டடத்தில் இயங்கும் பொதுச் சந்தைகள் அந்த நகரில் மட்டும் 300க்கு மேல் உண்டு.

◆ கிலோ கணக்கைத் தவிர கூறு கட்டியும் விற்பார்கள். கேட்டால் ஒரு துண்டு பழம் அறுத்து ருசி பார்க்கத் தருவார்கள். ஒரே கடையில் தொடர்ந்து வாங்குகிறவருக்குக் கொசுறும் உண்டு: ஒரு கைப்பிடி கொத்தமல்லி, இரண்டு பச்சைமிளகாய். கடையைக் கட்டும் நேரத்தில் போனால் நன்றாகப் பழுத்தவற்றை விலை தள்ளிக் கொடுப்பார்கள். துணிப்பை கட்டாயம் கொண்டு போங்கள். 2020 ஜனவரி 1 முதல் மெக்சிகோ சிட்டியில் கடைக்காரர் பிளாஸ்டிக் பை தருவதற்குத் தடை இருக்கிறது.

◆ மெக்சிகோ சிட்டியின் இஸ்தபலாபா பகுதியில் 1982இல் திறக்கப்பட்ட ‘சென்த்ரால் தே அபாஸ்தோ’ மொத்தச் சந்தையின் பரப்பு 327 ஹெக்டேர். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து போய்ப் பெட்டியாக வாங்கிப் பங்கு போட்டுக்கொண்டால் நன்றாக மிச்சப்படும். தனியாள் போனால் போக்குவரத்துச் செலவே லாபத்தைத் தின்றுவிடும்.

◆ எதை எந்த மாதம் வாங்குவது என்று தெரிந்தால் பாதி வெற்றி. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை மாம்பழம். கோடை முடியும் வேளையில் கள்ளிப்பழம். டிசம்பரில் கொய்யாவும், தெகோகோத்தே என்ற சிறு பழமும் பண்டிகைப் பானத்துக்காகக் குவியும். ஆண்டின் முதல் சில மாதங்களில் எலுமிச்சை வரத்து குறைந்து விலை எகிறும். அப்போது புளிப்புக்குப் புளியை நாடலாம்.

◆ பேரங்காடிகள் செவ்வாய், புதன் கிழமைகளில் காய்கறி, பழத்துக்குச் சிறப்பு விலை போடுவது பல ஆண்டு வழக்கம். வார இறுதியில் வாங்குவதை அந்த இரண்டு நாள்களுக்குத் தள்ளிப்போடுங்கள். எண்ணெய், சோப்பு, பால் போன்றவற்றுக்கு போதேகா அவுர்ரேரா, தியேந்தாஸ் த்ரெஸ் பே போன்ற மலிவு விலைக் கடைகள் உண்டு. மூலைக்கு மூலை இருக்கும் ஓக்ஸோ கடை அவசரத்துக்கு உதவும். மாதச் சாமான் வாங்கும் இடம் அது அல்ல.

◆ முட்டையை அங்கே கிலோ கணக்கில் நிறுத்துத்தான் விற்பார்கள். அரைக் கிலோ என்று கேட்டு வாங்கலாம்.

◆ தமிழ் வீட்டுக்குப் பழகிய காய்கள் அங்கே ஏராளம். பெங்களூர் கத்திரிக்காய் என்கிற சௌசௌவின் தாயகமே மெக்சிகோ வட்டாரம்தான். அங்கே அது ‘சயோத்தே’. பருப்புக்கீரை ‘வெர்தோலாகா’ என்ற பெயரில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். முளைக்கீரை இனத்துக் கீரைகளைக் ‘கெலீத்தே’ என்று கேட்டு வாங்கலாம். சப்போட்டா, கொய்யா, பப்பாளி, சீதாப்பழ இனங்கள் எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து நமக்கு வந்தவை. மாம்பழம் எதிர்த்திசையில் போனது. ‘மணிலா’ வகை மாம்பழம் பிலிப்பைன்சிலிருந்து கப்பலேறி அகாபுல்கோ துறைமுகம் வழியே மெக்சிகோவுக்கு வந்தது.

◆ சப்பாத்திக்கள்ளியை அங்கே காயாகச் சமைக்கிறார்கள். பெயர் நோபால். சந்தையில் அதைச் சீவி விற்கும் பெண்கள் வேலை செய்யும் அழகைப் பார்க்க வேண்டும். இடது கையில் கள்ளி மடலைப் பிடித்து, வலது கையில் கூர்மையான கத்தியால் ஓரத்தைச் சுற்றி ஒரே இழுப்பு. பிறகு முகப்பில் மேலும் கீழுமாகச் சீவினால் முள்ளெல்லாம் பறந்துவிடும். நறுக்கிப் பையில் போட்டே தருவார்கள். வீட்டில் வெங்காயமும் உப்பும் சேர்த்து வேகவைத்து, கொழகொழப்பு நீரை வடித்து, தக்காளி, கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு கலந்தால் சாலட் தயார். நார்ச்சத்து மிகுதி, விலை மிகக் குறைவு. மெக்சிகோ சிட்டியின் மில்பா ஆல்தா பகுதி இதற்குப் பேர்பெற்றது.

சமையலறைக்குள்

◆ மெக்சிகோ சிட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் பயறு வேக நேரம் இழுக்கும், கேஸும் தீரும். பெட்டியில் இடம் இருந்தால் குக்கர் எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் முதல் மாதச் சம்பளத்தில் அங்கேயே ஒன்று வாங்குங்கள். வாங்கிய காசு சீக்கிரமே திரும்பிவிடும்.

◆ குழாய்த் தண்ணீரை அங்கே குடிப்பதில்லை. வீடுதோறும் 20 லிட்டர் கேன் இருக்கும், ‘காரஃபோன்’ என்பார்கள். பெரிய நிறுவனங்களின் கேனை வாங்குவதைவிட, காலிக் கேனைத் தெருமுனைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய் நிரப்பினால் பாதி விலைகூட ஆகாது. சுத்தமாக நடத்தும் நிலையமா என்று மட்டும் அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

◆ பச்சையாகச் சாப்பிடும் கீரை, பழம், காய் எல்லாவற்றையும் கழுவிய பிறகு, கிருமிநாசினிச் சொட்டு கலந்த தண்ணீரில் ஊறவைப்பது அங்கே எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். பேரங்காடியின் காய்கறிப் பகுதியிலேயே சின்னப் புட்டிகளில் இந்தச் சொட்டு இருக்கும். எத்தனை சொட்டு, எத்தனை நிமிடம் என்பது புட்டியில் எழுதியிருக்கும். வயிற்று வலிக்கு மருத்துவரிடம் கொடுக்கும் காசோடு ஒப்பிட்டால் இந்தப் புட்டியின் விலை ஒன்றுமே இல்லை.

◆ நம் சமையலின் உயிரான மிளகாய்க்குப் பிறந்த வீடு மெக்சிகோ. போர்த்துக்கீசியர் மூலமாகத்தான் அது இந்தியாவுக்கு வந்தது. அங்கே தாளிக்கவும் சட்னிக்கும் செர்ரானோ மிளகாய் ஏற்றது. உறைப்பு வேண்டுவோர்க்கு ‘சீலே தே ஆர்போல்’ என்ற காய்ந்த மிளகாய். நிறத்துக்கும் மணத்துக்கும் குவஹீயோ. நிறுத்துக் கொடுக்கும் கடைகளில் 100 கிராம் வாங்கினால் பல நாள் வரும்.

◆ 1962 முதல் 1968 வரை இந்தியாவில் மெக்சிகோவின் தூதராக இருந்தவர், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கவிஞர் ஒக்தாவியோ பாஸ். இந்தியா குறித்து அவர் எழுதிய நூலில் மோலேயையும் இந்தியக் குழம்பையும் ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். மோலே என்பது மிளகாய், எள், கொட்டைகள், மசாலா, சில வகைகளில் சாக்லேட்டும் சேர்த்து அரைக்கும் குழம்பு. அரைத்த விழுதைச் சந்தையில் நிறுத்து விற்கிறார்கள். கரைத்துக் கொதிக்கவிட்டால் விருந்து தயார்.

◆ பனீர் தேடி அலைய வேண்டாம். ‘கேசோ பனேலா’ என்ற பாலாடைக்கட்டி வாணலியில் உருகாது. துண்டு போட்டு வறுக்கலாம். துவரம்பருப்பு அரிது, ஆனால் பழுப்பு மைசூர்ப்பருப்பும் கொண்டைக்கடலையும் எல்லாச் சந்தையிலும் உண்டு. புளி தாராளம். வாழையிலை ஒஹாகா, வெராக்ரூஸ், யுகதான் சமையலில் தமால் பொதியப் பயன்படுவதால் அங்கெல்லாம் சந்தையிலேயே வாங்கலாம். கறிவேப்பிலைதான் எளிதில் அகப்படாது.

◆ குளிர்பானத்துக்குக் காசைக் கரைக்காதீர்கள். புளிச்சக்கீரை இனத்துச் செடியின் சிவந்த புல்லி இதழ்களை உலர்த்தி ‘ஹமைக்கா’ என்று விற்கிறார்கள். ஒரு கைப்பிடியை வேகவைத்து வடிகட்டி, சர்க்கரை சேர்த்துக் குளிரவைத்தால் குடும்பத்துக்கே போதும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

◆ மசித்துத் தாளித்த பயறில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம். தமால் மாவிலும் அது இருக்கும். சோறும் சூப்பும் கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம். நான் சைவம் என்று மட்டும் சொன்னால் போதாது. ‘சின் மந்தேகா’ என்றால் பன்றிக்கொழுப்பு இல்லாமல். ‘சின் கால்தோ தே போயோ’ என்றால் கோழிச் சாறு இல்லாமல். இந்த இரண்டையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மசித்துத் தாளித்த பயறைவிட, மண்பானையில் உப்பும் வெங்காயமும் போட்டு வேகவைத்த பயறு நம்பகமானது.

◆ ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில், குறிப்பாக வெள்ளிக்கிழமைகளில், கத்தோலிக்கர்கள் இறைச்சியைத் தவிர்ப்பார்கள். ஃபோன்டா பட்டியல்களில் பருப்பு சூப், முட்டை தோய்த்துப் பொரித்த காய், பாலாடைக்கட்டி அடைத்த மிளகாய் எல்லாம் வந்துவிடும். மீனும் இறாலும் கலந்திருக்கும் என்பதால் கேட்டுச் சாப்பிடுங்கள்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

◆ மெக்சிகோவில் 2020 அக்டோபர் முதல் பாக்கெட் உணவுகளில் கறுப்பு எண்கோண முத்திரை கட்டாயம். சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி எது மிகுந்தாலும் அதற்கொரு முத்திரை. ஸ்பானிஷ் தெரியாத குழந்தைகூட முத்திரையை எண்ணிப் பார்த்துப் பொட்டலத்தைத் திருப்பி வைத்துவிடலாம். சர்க்கரை சேர்த்த பானத்துக்கு 2014 முதல் தனி வரி. 2025 மார்ச் 29 முதல் பள்ளிகளில் நொறுக்குத்தீனி விற்கவும் தடை.

◆ அமெரிக்கா, கனடா, ஜப்பான், பிரிட்டன், ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசா இருந்தால், இந்தியர் மெக்சிகோவுக்குத் தனி விசா இல்லாமல் சுற்றிப்பார்க்கப் போகலாம். குடியேற அது போதாது. தற்காலிகக் குடியிருப்பு விசாவை மெக்சிகோவுக்கு வெளியே உள்ள அதன் தூதரகத்தில் வாங்கிக்கொண்டு போய், இறங்கிய 30 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

மலிவு யாருக்கு?

◆ 2025இல் மெக்சிகோவின் பெரும்பகுதியில் குறைந்தபட்ச நாள் கூலி 278.80 பெசோவாக இருந்தது. நமக்கு மலிவாகத் தெரியும் 100 பெசோ சாப்பாடு, அந்தக் கூலிக்காரரின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். வெளிநாட்டுப் பணம் கொட்டிய ரோமா, கொன்தேசா பகுதிகளில் வாடகை ஏறி, பழைய குடித்தனக்காரர்கள் வெளியேற நேர்ந்ததை எதிர்த்து 2025 ஜூலை 4 அன்று மெக்சிகோ சிட்டியில் ஊர்வலம் நடந்தது. சந்தையில் ஒரு கூறு தக்காளி விற்று வயிறு வளர்க்கும் பெண்ணிடம் இரண்டு பெசோவுக்குப் பேரம் பேசாதீர்கள். உட்கார்ந்து சாப்பிடும் கடையில் 10 முதல் 15 சதவீதம் அன்பளிப்பு வையுங்கள். பரிமாறுகிறவர் வீட்டு அடுப்பு எரிய அது உதவும்.

◆ நிறைவாக ஒரு வாரக் கணக்கு. நாலு நாள் கொமிதா கொரிதா 400 பெசோ. சந்தைக் காய், பழம் 250. இரண்டு கிலோ டோர்டியா 50. பயறும் முட்டையும் ஒவ்வொரு கிலோ, 85. அரிசி, எண்ணெய், பால் 120. தண்ணீர் 40. கூட்டினால் ஏறக்குறைய 950 பெசோ, ஒருவருக்கு வயிறாரச் சாப்பாடு. ஊருக்கு ஊர் தொகை கொஞ்சம் ஏறும், இறங்கும். ஆனால் வழி ஒன்றுதான். வீடு பார்க்கும்போதே உரிமையாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை சந்தை வரும்? டோர்டியா கடை எத்தனை தூரம்? பக்கத்தில் உள்ளவர்கள் எந்த ஃபோன்டாவில் சாப்பிடுகிறார்கள்? மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால் அந்த வீட்டுக்கே முன்பணம் கொடுங்கள்.